கர்ப்பிணியின் சிறுநீரகம்: 0.9 கிரியாட்டினின் ஏன் நல்ல செய்தி அல்ல

ஆய்வகத் தாளில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 0.9 (மி.கி./டெ.லி.) என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் இயல்பு வரம்பு 0.6 முதல் 1.1 வரை என்று போட்டிருக்கிறது. எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை. ஆனால் தாள் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவருடையது என்றால், அந்த எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. காரணம் தெரிந்துகொள்ள, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

சாதாரண நாளில் இரண்டு சிறுநீரகங்களுக்கும் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே ரத்தம் போகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் இது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதிலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 மி.லி. திரவம் நெஃப்ரானின் தலைப்பில் இருக்கும் தந்துகி முடிச்சான குளோமெருலஸில் வடிகிறது. நாள் ஒன்றுக்கு 180 லிட்டர். ஒன்றரை லிட்டர் போக மீதி அத்தனையையும் குழல்கள் திரும்ப உறிஞ்சிவிடுகின்றன.

கருத்தரித்த சில வாரங்களிலேயே இந்த வடிகட்டும் வேகம் ஏறத் தொடங்குகிறது. நான்காம் மாதம் பிறக்கும்போது 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். கிரியாட்டினின் தசையில் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் கழிவு. உற்பத்தி மாறாமல் வடிகட்டல் ஒன்றரை மடங்கானால், ரத்தத்தில் அதன் அளவு ஒன்றரையால் வகுபடும். முன்பு 0.7 இருந்த பெண்ணுக்கு இப்போது 0.47 வர வேண்டும். அங்கே 0.9 வந்திருக்கிறதென்றால், வடிகட்டல் எதிர்பார்த்ததில் பாதிதான் நடக்கிறது. கர்ப்பத்தில் 0.8-ஐத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டும். தாளின் அடியில் கணினி போட்டுத் தரும் உத்தேச ஜி.எஃப்.ஆர். (வடிகட்டும் வேகம்) எண்ணையும் நம்ப வேண்டாம். அந்தச் சூத்திரங்கள் கர்ப்பிணிகளுக்கு ஒத்துவருவதில்லை. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளப்பதுதான் வழி.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் கழிவையும் சேர்த்து வெளியேற்ற வேண்டியிருப்பதால்தான் வேகம் கூடுகிறது என்று மாணவர்கள் பலர் எழுதுவார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. மூன்றாம் மாதக் கடைசியில் கரு ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். அது என்ன கழிவைத் தந்துவிடப் போகிறது? உத்தரவு வருவது சினைப்பையிலிருந்து. கரு முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் ரிலாக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1926-இல் ஃபிரெடெரிக் ஹிசா கினிப்பன்றிகளில் இதைக் கண்டறிந்தபோது, பிரசவத்துக்கு முன் இடுப்பெலும்பு இணைப்பைத் தளர்த்தும் பொருளாகத்தான் தெரிந்தது. சிறுநீரக ரத்தக்குழாய்களையும் அது தளர்த்துகிறது என்பது பிறகு எலிகளில் புலப்பட்டது. கர்ப்பமில்லாத எலிக்கு, ஏன், ஆண் எலிக்கே செலுத்தினாலும் வடிகட்டல் கூடுகிறது.

ரிலாக்சின், குளோமெருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனி, வெளியே கொண்டுபோகும் வெளிச்செல் நுண்தமனி இரண்டையும் சேர்த்தே விரிக்கிறது. உள்ளே வரும் வாய் மட்டும் விரிந்து வெளியேறும் வாய் குறுகியிருந்தால் குளோமெருலஸுக்குள் அழுத்தம் ஏறும். சர்க்கரை நோயின் தொடக்கத்தில் நடப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தம் வடிகட்டியைக் கெடுக்கிறது. கர்ப்பத்தில் இரண்டு வாயும் விரிவதால் ஓட்டம் கூடுகிறது, அழுத்தம் கூடுவதில்லை. ஆரோக்கியமான பெண் பல பிரசவங்களுக்குப் பிறகும் சிறுநீரகம் கெடாமல் இருப்பது இதனால்தான்.

அழுத்தம் கூடாமல் வடிகட்டல் எப்படிக் கூடும்? திரவம் வடிய வடிய, தந்துகிக்குள் மிஞ்சும் புரதம் அடர்த்தியாகி நீரைத் திரும்ப இழுக்கத் தொடங்கும். ரத்தம் வேகமாக ஓடினால் இந்த அடர்த்தி மெதுவாகவே ஏறும். தந்துகியின் கடைசி வரை வடிதல் தொடரும். கர்ப்பிணியின் ரத்தம் ஏற்கெனவே நீர்த்திருப்பதும் உதவுகிறது.

இவ்வளவு வடிந்தால் உப்பு என்னாவது? நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிந்தபோது அதோடு 25,000 மில்லிமோல் சோடியம் போனது. இப்போது 270 லிட்டரில் 36,000-க்கும் மேல் போகிறது. கூடுதலாகப் போகும் 11,000 மில்லிமோலையும் தினமும் மீட்க வேண்டும். அதோடு நிற்காமல் ஒன்பது மாதத்தில் சுமார் 950 மில்லிமோல் சேமிக்கவும் வேண்டும். சேமிப்பை நாள் கணக்கில் பிரித்தால் மூன்றரை மில்லிமோல், அதாவது இரண்டு சிட்டிகை உப்பு கூடக் கிடையாது. இந்த நுணுக்கமான கணக்கை இரண்டு ஹார்மோன்கள் இழுபறி நடத்தித் தீர்க்கின்றன. ஈஸ்ட்ரோஜன், ஒரு ஹார்மோன் சங்கிலியின் மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜனைக் கல்லீரல் அதிகம் தயாரிக்க வைக்கிறது. அந்தச் சங்கிலியின் முடிவில் அல்டோஸ்டிரான் என்ற அட்ரீனல் ஹார்மோன் பல மடங்கு ஏறி, சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. புரோஜெஸ்டிரான், அல்டோஸ்டிரான் வேலை செய்யும் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு அதை மறிக்கிறது. பொட்டாசியத்தை வெளியேற்றும் அல்டோஸ்டிரான் அவ்வளவு இருந்தும் பொட்டாசியம் பெரிதாகக் குறையாததற்கு இந்த மறியல் ஒரு காரணம்.

அந்த ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போன குடும்பம் ஒன்று 2000-இல் ஆய்வில் பதிவானது. அவர்களிடம் மறிக்க வேண்டிய புரோஜெஸ்டிரானே ஏற்பியை முடுக்கிவிடுகிறது. கர்ப்பமானால் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். பூட்டை அடைக்க வேண்டிய சாவி அதைத் திறந்துவிடும் நிலை.

நீருக்கு வேறு கணக்கு. ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு, வழக்கமாக 285 அளவில் இருக்கும். ஓரிரு சதவீதம் ஏறினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தாகத்தைத் தூண்டி, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடலிலிருந்து, நீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோனை விடுவிக்கும். அது சேகரிப்புக் குழல் செல்களில் அக்வாபோரின்-2 என்ற நீர்க் கதவுகளைத் திறக்கும். கர்ப்பத்தில் இந்த அளவுகோலே பத்துப் புள்ளி கீழே இறங்குகிறது. 275-ஐ உடல் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. சோடியமும் நான்கைந்து குறைந்து 135 அளவில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு உப்பு ஏற்றக் கிளம்ப வேண்டாம்.

இதற்கிடையே நஞ்சுக்கொடி வாசோபிரெசினேஸ் என்ற நொதியைச் சுரந்து வாசோபிரெசினை வெட்டிப்போடுகிறது. பிட்யூட்டரி ஈடுகட்ட அதிகம் சுரக்கும். அபூர்வமாக அது தோற்றுப்போனால், கடைசி மாதங்களில் தண்ணீர் போன்ற சிறுநீர் லிட்டர் கணக்கில் போகும், தாகம் அடங்காது. வாசோபிரெசினைக் கொடுத்தால் அதையும் நொதி தின்றுவிடும். வெட்டுப்படாத செயற்கை வடிவமான டெஸ்மோபிரெசின்தான் கேட்கும். இந்த நொதியை அழிப்பது கல்லீரல் என்பதால், இப்படிப்பட்டவரிடம் கல்லீரல் சோதனையையும் பார்த்துவிட வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டை ஏமாற்றும். வடியும் குளுக்கோஸ் ஒன்றரை மடங்காக, குழலின் உறிஞ்சும் திறனும் சற்றுக் குறைவதால், ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும் பெண்ணுக்கும் பட்டை நிறம் மாறும். ஆகவே ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும். சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறையில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. ரத்தச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அமில-காரக் கணக்கிலும் இதே எச்சரிக்கை: புரோஜெஸ்டிரான் மூச்சைக் கூட்டுவதால் கார்பன் டை ஆக்சைடு குறையும்; சிறுநீரகம் அதைச் சரிக்கட்ட பைகார்பனேட்டை 20 அளவுக்கு இறக்கும். அது நோயல்ல.

உடற்கூறு மாணவர்களுக்கு இதில் பிடித்த பகுதி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர் நாளமாகத்தான் இருக்கும். புரோஜெஸ்டிரான் அதன் தசையைத் தளர்த்துகிறது. ஹார்மோன் மட்டும் காரணமென்றால் இரு பக்கமும் சமமாக, முழு நீளத்துக்கும் வீங்க வேண்டும். ஸ்கேனில் அப்படி இல்லை. வலது பக்கம்தான் அதிகம், அதுவும் இடுப்பு விளிம்போடு வீக்கம் சட்டென நின்றுவிடுகிறது. இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்ட் பகுதி இருப்பதால் கர்ப்பப்பை வலப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. வலது நாளம் இடுப்பில் ஓடும் இலியாக் தமனியைக் கடக்கும் இடத்தில் நசுங்குகிறது. இடது நாளத்துக்கு அதே குடல் மெத்தையாகிவிடுகிறது.

தேங்கும் சிறுநீரில் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா ஏறுவது சுலபம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே கிருமி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் வரை தொற்று ஏறக்கூடும். முதல் பரிசோதனையிலேயே சிறுநீர்க் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) கேட்பது இதற்காகத்தான். ஒரு மி.லி.க்கு லட்சம் கிருமிகள் வளர்ந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து உண்டு.

சிறுநீரில் போகும் புரதத்துக்கு மட்டும் விட்டுக்கொடுப்பு குறைவு. நாளுக்கு 300 மி.கி. வரை பொறுக்கலாம். 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, புரதமும் இந்த அளவைத் தாண்டினால் முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா). குளோமெருலஸின் உட்சுவர்ச் செல்கள் உயிரோடிருக்க, பக்கத்துச் செல்கள் தரும் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் தேவை. நோயுற்ற நஞ்சுக்கொடி விடும் எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டினியான செல்கள் வீங்கித் தந்துகியை அடைக்கின்றன. 2003-இல் பாஸ்டனில் ஆனந்த் கருமஞ்சியின் குழு இந்த ஒரு புரதத்தையே எலிகளுக்குக் கொடுத்து, உயர் அழுத்தம், புரதக் கசிவு, வீங்கிய செல்கள் மூன்றையும் உண்டாக்கிக் காட்டியது. வடிகட்டல் குறைய, கிரியாட்டினின் 0.5-இலிருந்து 0.9-க்கு ஏறும். ஆய்வகத் தாள் அப்போதும் இயல்பு என்றே சொல்லும்.

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் சேமித்த உப்பும் நீரும் சிறுநீராக வெளியேறுகின்றன. வடிகட்டும் வேகம் சில வாரங்களில் பழைய நிலைக்கு வரும். நாளங்களின் வீக்கம் முழுதாக வடிய 12 வாரம் வரை ஆகலாம். அதற்குள் எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் விரிந்து தெரிந்தால், வலியோ காய்ச்சலோ இல்லாத பட்சத்தில், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.