ஒப்ஷன்: தெரிவா, விருப்பமா?

சி மொழியில் எழுதிய ஒரு செய்நிரலைக் கறுப்புத் திரையில் ஓட்டும்போது, அதன் பெயருக்குப் பின்னால் இன்னும் சில துண்டுகளைத் தட்டுகிறோம். "ஹெட் -என் 5 நிறுவை" என்றால், நிறுவை என்ற கோப்பின் முதல் 5 வரிகளைக் காட்டு என்று பொருள். இதில் சிறுகோட்டோடு வரும் -என் என்பதுதான் ஒப்ஷன். ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலத்தில் சி படிக்கப் போனால், இந்தச் சொல்லோடு ஆர்கியுமென்ட், ஃபிளாக், சுவிட்ச், பார்ஸ் என்று ஒரு பட்டாளமே வந்து சேரும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வது சுலபம். ஆனால் ஒன்று இல்லை.

ஒப்ஷனின் வேர் லத்தீன். 'ஒப்டாரே' என்றால் விரும்பித் தெரிந்தெடுப்பது. ரோமப் படையில் 'ஒப்டியோ' என்று ஒரு பதவி இருந்தது. நூற்றுவர் தலைவன் தனக்கு உதவியாகத் தானே தெரிந்தெடுத்துக்கொண்ட ஆள் அவன். திருக்குறளில் 52ஆம் அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து வினையாடல்'. தக்க ஆளைத் தெரிந்து வேலையை ஒப்படைப்பதைப் பற்றியது. தமிழில் 'தெரி' என்ற வினைக்கு அறிவது, தேர்ந்தெடுப்பது என்ற இரண்டு பொருளும் உண்டு. ஆகவே 'தெரிவு' என்ற சொல் ஒப்ஷனுக்கு மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

'விருப்பம்', 'விருப்பத்தேர்வு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் இலங்கையில் விருப்பு என்றதும் தேர்தலும் விருப்பு வாக்கும்தான் நினைவுக்கு வரும். தேர்வு என்று மட்டும் போட்டால் தமிழகத்து வாசகருக்குப் பரீட்சை மண்டபம் தோன்றும். தெரிவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பாராளுமன்றத் தெரிவுக்குழு என்று செய்தியில் கேட்டுப் பழகிய காதுக்கு அது புதுச்சொல்லும் அல்ல. கமாண்ட் லைன் என்பதைக் 'கட்டளை வரி' என்றே எல்லோரும் எழுதுகிறோம், அது நன்றாகவே நின்றுவிட்டது. (தோட்டப்புறத்தில் 'லைன்' எப்போதோ 'லயம்' ஆகிவிட்டபடியால் 'கட்டளை லயம்' என்று எழுதலாமா என்று விளையாட்டாகத் தோன்றும். வேண்டாம், அங்கே குடியிருக்கும் சனம் சிரிக்கும்.)

ஆர்கியுமென்ட்தான் கொஞ்சம் சிக்கல். அகராதியைப் பார்த்து 'வாதம்' என்று எழுதினால் வழக்கறிஞர் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கைகால் பிடிப்பு ஞாபகம் வரும். லத்தீன் மூலத்தில் அதற்குத் 'தெளிவாக்குவது' என்ற பொருள் இருந்தது. பிறகு இடைக்கால வானியல் அட்டவணைகளில், எந்த எண்ணை வைத்துக்கொண்டு அட்டவணையில் விடை தேடுகிறோமோ அந்த எண்ணுக்கு இந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து கணிதத்துக்கும், கணிதத்திலிருந்து செய்நிரலுக்கும் இறங்கியது. செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) கொடுக்கும் ஆர்கியுமென்டுக்குச் 'செயலுருபு' என்று ஒரு சொல் புழங்குகிறது, அது அங்கேயே இருக்கட்டும். கட்டளை வரியில் நடப்பது அதைவிட எளிது. மெயின் என்ற செயற்கூறுக்கு ஆர்க்சி, ஆர்க்வி என்று இரண்டு வந்து சேரும். முதலாவது, கட்டளை வரியில் எத்தனை சொல் என்ற எண்ணிக்கை; இரண்டாவது, அந்தச் சொற்களின் வரிசை. வரிசையின் 0ஆவது இடத்தில் வழக்கமாகச் செய்நிரலின் பெயரே இருக்கும், கடைசிச் சொல்லுக்கு அடுத்த இடத்தில் எதையும் சுட்டாத வெற்றுச்சுட்டி இருக்கும். ஆக, இங்கே ஆர்கியுமென்ட் என்பதைச் 'சொல்' என்றே சொல்லிவிடலாம். இடைவெளி பார்த்துச் சொல் சொல்லாக வெட்டித் தருவது ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் செய்நிரல். சி செய்நிரல் கண் விழிக்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும்.

மேலே சொன்ன வரியில் அந்தச் சொற்கள் நாலு. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரம் அவற்றை வேறு வேறு பெயரால் பிரிக்கிறது. -என் தெரிவு. 5 அந்தத் தெரிவுக்கு உரிய பெறுமானம். நிறுவை என்ற கோப்புப் பெயர் ஒப்பரண்ட். இந்த ஒப்பரண்டுக்குத் தமிழ் தேடி எங்கும் அலைய வேண்டாம், 'செயப்படுபொருள்' என்று இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. கட்டளை ஒரு ஏவல் வினை. எதைச் செய்வது என்பது செயப்படுபொருள். எப்படிச் செய்வது என்று சொல்லும் தெரிவு வினையடை. வினையடை இல்லாமலும் வாக்கியம் முடியும் அல்லவா, அதேபோலத் தெரிவைப் போடாவிட்டாலும் ஹெட் வேலை செய்யும். சும்மா விட்டால் 10 வரி காட்டும். கட்டாயம் போட்டே ஆக வேண்டிய தெரிவு என்று சிலர் செய்நிரல் எழுதுகிறார்கள், அந்தச் சொற்சேர்க்கையே முரண் என்று பைதன் மொழியில் தெரிவுகளைக் கையாளும் ஒப்ட்பார்ஸ் நூலகத்தின் ஆவணம் கண்டிக்கிறது. எனக்கும் அதே கட்சிதான்.

ஃபிளாக், சுவிட்ச் இரண்டும் பெறுமானம் வாங்காத தெரிவுகளுக்கான பட்டப்பெயர்கள். போட்டால் ஆம், போடாவிட்டால் இல்லை. 'கொடி' என்று மொழிபெயர்த்துக் குழப்புவதைவிட 'வெறுந்தெரிவு' என்றால் போதும்.

இனி பார்ஸ். இந்தச் சொல்லும் லத்தீனில் 'பார்ஸ் ஒராட்சியோனிஸ்', அதாவது சொல்வகை, என்பதிலிருந்து வந்தது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது பெயர், இது வினை என்று ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்ன பயிற்சிக்கு அந்தப் பெயர். நமக்கு அது பகுபத உறுப்பிலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் ஆறு உறுப்புச் சொல்கிறது. சாதாரணதரத் தமிழ் படித்த யாருக்கும் பார்ஸ் என்றால் என்ன என்று புதிதாக விளக்கத் தேவையில்லை. 'பாகுபடுத்தல்', 'பகுத்தல்' இரண்டில் நான் குட்டையானதையே எடுப்பேன்: தெரிவு பகுத்தல்.

பகுப்பதில் எங்கே சிரமம் என்றால், சேர்ந்து வருவதில்தான். கோப்புகளைப் பட்டியலிடும் "எல்எஸ் -எல் -ஏ" என்பதை "எல்எஸ் -எல்ஏ" என்று ஒட்டி எழுதலாம். பெறுமானத்தையும் ஒட்டலாம், -என்5 என்றாலும் -என் 5 என்றாலும் ஒன்றே. அப்படியானால் -என்வி என்று வந்தால்? என், வி என்ற இரண்டு வெறுந்தெரிவுகளா, இல்லை என் தெரிவுக்கு வி என்ற பெறுமானமா? பழைய உரையாசிரியர்கள் காட்டும் 'குன்றேறாமா' இதே கணக்குத்தான். குன்று ஏறு ஆமா என்று பிரித்தால் மலையேறும் காட்டுப்பசு, குன்று ஏறா மா என்று பிரித்தால் மலை ஏறாத விலங்கு. எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. சி மொழியில் இதைத் தீர்ப்பது ஒரு முக்காற்புள்ளி. கெட்ஒப்ட் என்ற செயற்கூற்றுக்கு நம் தெரிவு எழுத்துகளை ஒரு சரமாகக் கொடுக்கிறோம். எந்த எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி இருக்கிறதோ, அது பெறுமானம் வாங்கும். கெட்ஒப்ட் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு தெரிவைத் திருப்பித் தரும். பெறுமானத்தை ஒப்ட்ஆர்க் என்ற மாறியில் வைக்கும், அடுத்து எந்தச் சொல் என்பதை ஒப்ட்இன்ட் என்ற மாறியில் குறித்துக்கொள்ளும். தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி, தெரிவுகள் தீர்ந்தால் -1.

அந்த -1ஐ வாங்கும் மாறியைக் காரக்டர் (எழுத்து) வகையில் அறிவித்துவிட்டால், இன்டெல் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டினால் கெட்ஒப்டைத் திரும்பத் திரும்ப அழைக்கும் சுற்று நிற்கவே நிற்காது, ஏனென்றால் அங்கே காரக்டர் வகைக்கு எதிர்மறை எண் கிடையாது. இன்டிஜர் (முழுவெண்) என்று அறிவிப்பதே முறை.

கெட்ஒப்ட் யுனிக்ஸ் இயங்குதளத்தின் சிஸ்டம் 3 பதிப்போடு வந்தது. 1985இல் டலஸில் நடந்த யுனிஃபோரம் மாநாட்டில் ஏடி அன்ட் டி நிறுவனம் அதன் மூலநிரலை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஆனாலும் அது சி மொழித் தரத்துக்குள் இல்லை, பொசிக்ஸின் சொத்து. மைக்ரோசொஃப்ட் தரும் சி நூலகத்தில் தேடினால் கிடைக்காது.

ஒற்றைச் சிறுகோடு தனி எழுத்துகளுக்குப் போய்விட்டதால், முழுச்சொல்லாக எழுதும் நீள்தெரிவுக்கு க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டக்காரர்கள் இரட்டைச் சிறுகோடு வைத்தார்கள். பின்னால் எதுவும் இல்லாமல் -- மட்டும் தனியாக நின்றால், தெரிவுகள் இத்தோடு சரி, மிச்சமெல்லாம் செயப்படுபொருள் என்று அர்த்தம். கோப்பின் பெயரே சிறுகோட்டில் தொடங்கினால் அதை அழிக்க இது ஒரு வழி.

தமிழ் எழுத்தையே தெரிவாக வைக்க முடியுமா? ஒற்றை எழுத்தில் முடியாது. கெட்ஒப்ட் பைட் பைட்டாகப் பார்க்கும், எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட். -க என்று தட்டினால் அதற்கு அது மூன்று தெரிவு. நீள்தெரிவில் தாராளமாக முடியும், நீள்தெரிவைப் பகுக்கும் கெட்ஒப்ட் லோங் என்ற செயற்கூறு பெயரைச் சரமாகத்தான் ஒப்பிடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு செய்நிரல் எழுதினால், "கணக்கு --கழிவு=2 நிறுவை" என்று ஓட்டலாம். ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ கழியும். கெட்ஒப்ட் லோங்குக்குக் கொடுக்கும் தெரிவு அட்டவணையில் கழிவு என்ற பெயருக்குப் பக்கத்தில் 0 போட்டால் வெறுந்தெரிவு, 1 என்றால் பெறுமானம் கட்டாயம், 2 என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. 2 போட்டவர்கள் கவனிக்க வேண்டியது: அப்போது --கழிவு 2 என்று இடைவெளி விட்டு எழுதினால் அந்த 2 கோப்புப் பெயராகிவிடும், சமக்குறி போட்டே ஆக வேண்டும்.

சுருக்கியும் எழுதலாம். --கழி என்றாலே புரிந்துகொள்ளும், ஏன், --கழிவ என்று உகரத்தைத் தட்டாமல் விட்டாலும் புரிந்துகொள்ளும். ஆனால் --கடன் என்று இன்னொரு தெரிவும் இருந்து, நீங்கள் --க என்று மட்டும் தட்டினால், இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியாமல் பிழைச்செய்தி ஒன்றை எழுதிவிட்டுக் கேள்விக்குறியைத் திருப்பித் தரும்.