பாயிண்ட் டூ டூ வாங்குவதற்கு முன் கன்னத்தைக் கவனியுங்கள்

ஏர் ரைஃபிளில் ஓரளவு ஸ்கோர் வர ஆரம்பித்ததும் பெற்றோர் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சார், பாயிண்ட் டூ டூ எது வாங்கலாம்? ஆன்ஷூட்ஸா, வால்தரா?" 50 மீட்டர் போட்டிக்கான 0.22 அங்குல ரைஃபிளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் போட்டி) வெண்கலம் வாங்கிய பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பிராண்டு பெயரில் நான் பதில் சொல்வதில்லை. ஆன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று எதை எடுத்தாலும், நல்ல நிலையில் இருக்கும் ஒரு மேட்ச் பேரல் (போட்டிக்கென்று செய்த குழாய்) புதிதாகச் சுட வருகிறவரைவிடத் துல்லியமாகவே சுடும். ஸ்கோர் போவது துப்பாக்கி ஆளுக்குப் பொருந்தாததால்.

அதற்கு முன்னால் சட்டம். 20 ஜூலுக்குள் இருக்கும் 0.177 ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை என்பதால், பலர் இதையும் அதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். பாயிண்ட் டூ டூ 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் துப்பாக்கி. சொந்தமாக வைத்துக்கொள்ள 21 வயது முடிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். சின்னவர்கள் பயிற்சிக்காக, அதற்கான விதிகளுக்கு உட்பட்டு, மேற்பார்வையில் சுடலாம். "என் லைசென்ஸில் எடுத்துத் தருகிறேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் கிளப் ரைஃபிளில் சுடுவது நஷ்டம் இல்லை. உடம்புக்கு என்ன அளவு வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

சரி, குறி பார்க்கும் சைட்டுக்கு வருவோம். 50 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப்புக்கு இடமில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை உள்ள பீப் சைட், பேரல் முனையில் குழாய்க்குள் ஒரு ரிங், அதற்கப்பால் டார்கெட்டின் கறுப்பு வட்டம். எல்லாம் ஒரே மையத்தில் நிற்க வேண்டும். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீட்டர் விலகினால் போதும், 50 மீட்டரில் குண்டு 6 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். தலை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான். தலையை உட்கார வைப்பது சீக் பீஸ், அதாவது கன்னம் படும் பலகை.

கடையிலோ கிளப்பிலோ இப்படிச் சோதியுங்கள். ஜாக்கெட் போட்டு, கையில் ஸ்லிங் வாரை மாட்டி, ப்ரோனில் படுங்கள். ஜாக்கெட் இல்லாமல் பார்த்தால் தோளில் படும் பட் பிளேட்டின் அளவு தப்பாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைப் பலகையில் முழுப் பாரத்தோடு விடுங்கள். கழுத்தில் இறுக்கம் கூடாது. இப்போது கண்ணைத் திறந்தால் முன் சைட்டின் குழாய் பீப் ஓட்டைக்கு நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி நிழல் விழுகிறது என்றால் சீக் பீஸை மாற்றுங்கள், கழுத்தை மாற்றாதீர்கள். கழுத்து நீளமானவர்களுக்குப் பலகையை முழுக்க உயர்த்தியும் போதாமல் போகலாம். அவர்கள் முன் சைட், பின் சைட் இரண்டையும் ஒரே அளவு உயர்த்தும் பிளாக் போட வேண்டும். மறுபக்கம், சில ஸ்டாக்குகளில் (பேரலைத் தாங்கும் உடற்பகுதி) பலகையை ரொம்ப ஏற்றினால், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை வெளியே உருவ முடியாது. பேரலை ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் செட்டிங்கைக் கலைத்தாக வேண்டும். வாங்கும்போதே போல்ட்டை உருவிப் பாருங்கள்.

ரிங் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு ஆசை, சின்னதாகப் போட்டால் துல்லியம் கூடும் என்று. கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டரில் ரிங் இருந்தால், 112.4 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் அந்த இடத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகத்தான் தெரியும். ரிங் அதைவிட நன்றாகவே பெரிதாக, சுற்றிலும் வெள்ளை தாராளமாகத் தெரியும்படி இருக்கட்டும். வெள்ளை மெலிந்தால் கறுப்பும் ரிங்கும் ஒட்டியது போலக் கண்ணை ஏமாற்றும்; விரல் ட்ரிகரில் தயங்கும். அளவு மாற்றக்கூடிய ரிங் ஒன்று வாங்கிவிட்டால் இந்த வாக்குவாதமே வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ரிங்கே மங்கும். அவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன், ரிங் இருக்கும் தூரத்தைச் சொல்லி ஷூட்டிங் கண்ணாடிக்குப் பவர் பார்த்துவிடலாம்.

எடை. விதி 8 கிலோ வரை அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக பதினாலு வயதுப் பிள்ளையின் முதுகில் அதை ஏற்ற வேண்டியதில்லை. ப்ரோனில் கனம் சுகமாக இருக்கும், ஸ்டாண்டிங்கில் இடுப்பு பதில் சொல்லும். ஆன்ஷூட்ஸிலேயே 1913 மாடலைவிட 1907 மாடல் லேசானது. இப்போதைய அலுமினிய ஸ்டாக்குகளில் எடையைக் கூட்டிக் குறைக்கவும் வழி இருக்கிறது.

பழைய ரைஃபிள் வாங்கத் தயங்க வேண்டாம். மரக்கட்டை ஸ்டாக்கோடு வந்த பழைய 54 ஆக்‌ஷன் என்ற இயந்திரப் பகுதி கொண்ட ஆன்ஷூட்ஸ்கள் இன்றும் பிரமாதமாகச் சுடுகின்றன. போல்ட்டை எடுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் தோட்டா உட்காரும் சேம்பரின் வாயைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் அடித்து அடித்து, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் அந்த விளிம்பில் பள்ளம் போட்டிருக்கலாம். பாயிண்ட் டூ டூ ஒரு ரிம்ஃபயர்; அதில் பின் அடிப்பது தோட்டாவின் ஓரத்தை என்பதால் வரும் தொல்லை இது. பேரல் முனையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பீப் சைட்: ஒரு குரூப் (ஒரே குறியில் சில ஷாட்) சுட்டுவிட்டு, சைட்டின் திருகில் மேலே பத்து க்ளிக், வலது பத்து, கீழே பத்து, இடது பத்து என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குரூப் சுடுங்கள். கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது, அல்லது சைட்டே ரிசீவரில் (பேரல் பொருந்தும் உலோகப் பகுதி) சரியாகப் பிடித்து நிற்கவில்லை. சைட்டை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தோட்டாவைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம். ரிம்ஃபயர் தோட்டாவைப் பெரிய துப்பாக்கிக்காரர்கள் போலத் திரும்ப நிரப்பிச் சரிசெய்ய முடியாது. ஓரத்துக்குள் தீப்பிடிக்கும் மருந்து தொழிற்சாலையில் எப்படிப் பரவியதோ அப்படியேதான் வரும். அதனால் நம் கையில் இருப்பது லாட் தேர்வு மட்டும்; லாட் என்பது தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்கள். ஈலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா எக்ஸ்-ஆக்ட் எதுவானாலும் பெட்டியில் லாட் எண் இருக்கும். ஒரே மாடல் இரண்டு ரைஃபிளில் ஒரே லாட் ஒன்றில் ஒற்றை ஓட்டையாகவும் மற்றொன்றில் சிதறலாகவும் விழும். சில லாட்களிலிருந்து ஒவ்வொரு பெட்டி வாங்கி, தாங்கியில் வைத்துச் சுட்டு, பிடித்த லாட்டை சீசன் முழுவதற்கும் சேர்த்து வாங்குங்கள். வேகம் கூடின ஹை வெலாசிட்டி தோட்டா பக்கமே போக வேண்டாம். மேட்ச் தோட்டா ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கிளம்புவதால் வழியில் ஒலித் தடையைக் கடக்கும் தள்ளாட்டம் அதற்கு இல்லை.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரைஃபிளில் போட்டுவிட்டு, பயிற்சிக்குக் கிடைத்த தோட்டாவை வைத்துச் சுடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு படி கீழே உள்ள மாடலை எடுத்து, மிச்சத்தில் ஒரு வருஷத்துக்கான நல்ல லாட்டை வாங்கி வைக்கச் சொல்வேன். ஜாக்கெட்டுக்கும் அதில் கொஞ்சம் ஒதுக்குங்கள், வளர்கிற பிள்ளைக்கு அது சீக்கிரமே பற்றாது.