ஸ்மர்ஃபெட் கொள்கை: தமிழில் ‘ஒருத்தி வாய்பாடு’

‘பா பட்ரோல்’ கார்ட்டூன் தொடர் 2013இல் தொடங்கியபோது அந்த மீட்புக் குழுவில் ஆறு நாய்க்குட்டிகள். ஒன்று போலீஸ், ஒன்று தீயணைப்பு, ஒன்று கட்டுமானம், ஒன்று மறுசுழற்சி, ஒன்று நீரில் மீட்பு. ஆறாவது ஸ்கை. அவளுக்கும் வேலை உண்டு, ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். ஆனாலும் ஸ்கை யார் என்று கேட்டால், “பிங்க் கலர் போட்டிருக்குமே, அந்தப் பொண்ணு நாய்க்குட்டி” என்றுதான் சட்டென வாயில் வரும். மற்ற ஐந்தையும் யாரும் ‘ஆண் நாய்க்குட்டி’ என்று சொல்லி அடையாளம் காட்டுவதில்லை.

இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான் ‘ஸ்மர்ஃபெட் பிரின்சிபிள்’. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரே ஒரு பெண் பாத்திரம். அவர்களுக்கு ஆளுக்கொரு குணம், அவளுக்குப் பெண்ணாக இருப்பதே குணம். பெயர் வைத்தவர் அமெரிக்கக் கட்டுரையாளர் கேத்தா பாலிட். 1991 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸின் வார இதழில், குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைக் கையாண்டார். இந்தக் கதைகளில் பையன் என்றால் பொது, பெண் என்றால் அதிலிருந்து ஒரு மாறுபாடு என்பது அவர் வாதத்தின் சாரம்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்மர்ஃப் என்பவை பெல்ஜிய ஓவியர் பேயோ 1958இல் வரைந்த நீலநிறக் குட்டி மனிதர்கள். பிரெஞ்சில் அவற்றின் பெயர் ‘ஷ்ட்ரூம்ஃப்’. சாப்பாட்டு மேசையில் உப்பு என்ற சொல் நினைவுக்கு வராமல் பேயோ உளறிய சொல் அது என்பார்கள். டச்சு மொழிபெயர்ப்பில் அது ‘ஸ்மர்ஃப்’ ஆகி, அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, பகுதிக்குப் பொருளே கிடையாது.

பொருள் முழுக்க விகுதியில் இருக்கிறது. ‘எட்’ என்ற பிரெஞ்சு விகுதி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்: பெண்ணாக்கும், சின்னதாக்கும். சிகார் சிறுத்தால் சிகரெட். 1906இல் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களை மட்டம் தட்ட ஒரு நாளிதழ் ‘சஃப்ரஜெட்’ என்று எழுதியதும் இதே விகுதியை வைத்துத்தான். அந்தப் பெண்கள் அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டது தனிக்கதை. தமிழில் குறவன் குறத்தி ஆவாள், தோழன் தோழி ஆவாள். பால் மாறும், ஆள் சிறுக்கமாட்டாள். எனவே ‘ஸ்மர்ஃபி’ என்றோ ‘ஸ்மர்ஃபத்தி’ என்றோ தமிழாக்கினால் பாதிப் பொருள்தான் வந்து சேரும். (‘ஸ்மர்ஃபத்தி’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம்.)

ஸ்மர்ஃப் கிராமத்தில் பெயர் வைக்கும் முறை எளிது. முன்கோபக்காரன் முன்கோபி ஸ்மர்ஃப், தூங்குமூஞ்சி சோம்பேறி ஸ்மர்ஃப், மேதாவித்தனம் காட்டுகிறவன் மேதாவி ஸ்மர்ஃப். அந்தக் கூட்டத்தின் ஒரே பெண்ணான ஸ்மர்ஃபெட்டுக்கு மட்டும் குணத்தின் இடத்தில் பால் விகுதி. அவள் அந்த ஊரில் பிறந்தவளும் இல்லை. 1966இல் வந்த சித்திரக் கதையில், ஸ்மர்ஃப்களுக்குள் கலகம் மூட்டுவதற்காக கார்கமெல் என்ற மந்திரவாதி செய்து அனுப்பிய பொம்மை அவள். செய்முறையில் முதலைக் கண்ணீர், பறவை மூளை, விரியன் பாம்பின் நாக்கு எல்லாம் உண்டு. முதலில் கருங்கூந்தலோடு வருகிறாள், எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மூத்த ஸ்மர்ஃப் அவளைப் பொன்னிறக் கூந்தல் அழகியாக மாற்றியதும் ஊரே பின்னால் சுற்றுகிறது. சித்திரக் கதையின் முடிவில் அவள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். 1981இல் வந்த தொலைக்காட்சித் தொடர்தான் அவளை நிரந்தரமாகக் குடிவைத்து, உலகெங்கும் தெரிந்த முகமாக்கியது.

இனி தமிழ்ச்சொல். ‘கொள்கை’ என்றால் ஒருவர் அறிந்து ஏற்றுக்கொண்டது என்றாகும். இதை யாரும் அறிவித்துவிட்டுச் செய்வதில்லை. பையன்கள் பார்க்கும் தொடரைப் பெண்கள் பார்ப்பார்கள், பெண்ணை மையமாக வைத்தால் பையன்கள் பார்க்கமாட்டார்கள் என்ற பழைய வியாபார நம்பிக்கை, கேள்வியே இல்லாமல் திரும்பத் திரும்ப அதே அச்சில் வார்க்கிறது. ‘விதி’ என்றால் தலையெழுத்து என்ற வாடை அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற ‘வாய்பாடு’தான் பொருந்துகிறது. முன்பகுதிக்கு ‘ஒற்றைப்பெண்’ என்றால் வீட்டுக்கு ஒரே மகள் என்றாகிவிடும், ‘தனிப்பெண்’ என்றால் மணமாகாதவள் என்று கொள்வார்கள். ‘ஒருத்தி’ என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. எண்ணையும் பாலையும் சொல்லும், அதற்கு மேல் எதையும் சொல்லாது. அந்தப் பாத்திரத்தைப் பற்றி நமக்குத் தெரிவதும் அவ்வளவுதானே. ஆகவே, ஒருத்தி வாய்பாடு.

பயன்படுத்தும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பெண் பாத்திரம் குறைவாக இருக்கும் எல்லாத் தொடருக்கும் இதைச் சொல்லிவிட முடியாது. அவள் திறமைசாலியாக இருந்துவிட்டால் வாய்பாடு உடைந்துவிடும் என்றும் இல்லை. 1987இல் தொடங்கிய ‘நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ தொடரின் ஏப்ரல் ஓநீல் துணிச்சலான செய்தியாளர், ஆனால் ஆமைகள் நால்வரும் ஆண்கள்தான். மாறாக 1998இன் ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ தொடரைப் பாருங்கள். நாயகியர் மூவர் என்றதும் ஒருத்தி தலைவி, ஒருத்தி மென்மனத்தாள், ஒருத்தி சண்டைக்காரி என்று குணத்தைப் பிரித்தே ஆகவேண்டியிருந்தது.

ஸ்மர்ஃப்களுக்கே அந்த நிலை வந்தது. 2017இல் வெளியான திரைப்படத்தில் காட்டுக்குள் பெண் ஸ்மர்ஃப்கள் மட்டுமே வாழும் கிராமம் ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. அங்கே இருப்பவர்களின் பெயர்களில் புயல் உண்டு, மலர் உண்டு, அல்லி உண்டு. ‘எட்’ என்ற விகுதி அந்த ஊரில் ஒருத்திக்கும் இல்லை.