பாளையங்கோட்டை ஏன் இரண்டாக வருகிறது?

திருநெல்வேலி மாவட்டத்தில் பருவமழைக் காலத்தில் தினமும் வெளியாகும் மழையளவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெட்டி ஒட்டி, ஒரே டெக்ஸ்ட் கோப்பாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு தேதி, ஒரு நிலையம், ஒரு மில்லிமீட்டர் அளவு, நடுவில் டேப். ஊர்வாரி மொத்தத்தை, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் ஷெல்லில் ஒரே வரியில் எடுத்துவிடலாம். ஆனால் சுத்தம் செய்யாத கோப்பில் வரும் மொத்தம் தப்பாக இருக்கும், அதுவும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல்.

முதல் வேலை, நிலையப் பெயர்களை மட்டும் கட் (cut) கட்டளையால் பிரித்து, வரிசைப்படுத்தும் சார்ட் (sort) வழியாக, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி எண்ணிக்கை காட்டும் யூனிக்குக்கு (uniq) அனுப்புவது. சார்ட்டை விட்டுவிடக் கூடாது. யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். பட்டியலில் சேரன்மகாதேவி, சேரன்மாதேவி, சேர்மாதேவி மூன்றும் தனித்தனியே நிற்கும். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, சொற்களை மாற்றும் செட் (sed) கட்டளையில் இரண்டு மாற்று விதி எழுதினால் தீர்ந்தது. பாளையங்கோட்டை இரண்டு தடவை வரும்போதுதான் திகைப்பு: இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

கோளாறு 'கோ'வில் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இந்தக் குறியீடுகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். எனவே ஒரு பாளையங்கோட்டைக்கு 13 குறியீடு, 39 பைட். இன்னொன்றுக்கு 14 குறியீடு, 42 பைட். யூனிக்குக்கு இவை வெவ்வேறு ஊர்கள். யூகான்வ் (uconv) கருவியால் கோப்பு முழுவதையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். இதற்கு, எழுத்துக்கு எழுத்து மாற்றும் அல்லது நீக்கும் டிஆர் (tr) கட்டளையைத் தொடாதீர்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு டிஆர் பைட் பைட்டாக மாற்றுவதால் தமிழ் எழுத்து சிதைந்துபோகும்.

டிஆருக்கு ஏற்ற வேலை வேறொன்று இருக்கிறது. விண்டோஸில் சேமித்த கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் கூடுதலாக ஒட்டியிருக்கும். வரிக்கடைசியில் 0 இருக்கிறதா என்று தேடும் கிரெப் (grep) கட்டளை அதனால் எதையும் பிடிக்காது. அந்த ஒரு பைட்டை டிஆரால் நீக்கிவிடலாம்.

இனி கூட்டல். இதற்கு ஆக் (awk), 1977-ல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய கருவி. பிரிப்பான் எது என்று சொல்லாவிட்டால் ஆக் எந்த இடைவெளியிலும் வரியை வெட்டும். 'கன்னடியன் அணைக்கட்டு' என்ற நிலையப் பெயர் வந்தால் 'அணைக்கட்டு' மூன்றாம் நெடுவரிசைக்குப் போய், மழையளவு நான்காவதாகத் தள்ளப்படும். எண்ணாக இல்லாத சொல்லை ஆக் 0 என்று எடுத்துக்கொள்ளும். கன்னடியனில் பருவம் முழுக்க மழையே இல்லை என்று கணக்கு வரும்! டேப்தான் பிரிப்பான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அளவு வராத நாளுக்கு '-' போட்டிருந்தால் அதுவும் 0 ஆகும். மொத்தம் மாறாது, சராசரி இறங்கிவிடும். 12.4 என்பதை யாரோ 12,4 என்று அடித்திருந்தால் வழக்கமான அமைப்பில் 12 மட்டும் சேரும். ஆகவே மூன்றாம் நெடுவரிசையில் இலக்கமும் புள்ளியும் தவிர வேறு எது இருந்தாலும் அந்த வரியைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, கையால் பாருங்கள்.

விடையை மூலக் கோப்பின் பெயரிலேயே திருப்பி எழுத வேண்டாம். கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். மூன்று மாதத் தரவும் போய்விடும்.