போக்காடு: பலிகடா அல்லாத ஆடு

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி தன் பயிற்சியாளரை நீக்கினால், "பயிற்சியாளர் பலிகடா ஆக்கப்பட்டார்" என்று மறுநாள் தலைப்பு வந்துவிடும். பிறர் தவறுக்குப் பழி சுமப்பவரைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘ஸ்கேப்கோட்’ என்ற சொல்லுக்கு நம் கை தானாக எழுதிவிடும் சொல் பலிகடாதான். நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதிவந்தேன். அது பிழை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்த ஆங்கிலச் சொல் குறிக்கும் ஆட்டை யாரும் வெட்டுவதில்லை. அதற்குத் தமிழில் நெடுங்காலமாகவே வேறொரு சொல் இருக்கிறது: போக்காடு.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்கென்று விழும்; அதை அறுத்துப் பலியிடுவார்கள். மற்றது உயிரோடு நிற்கும். ஆசாரியன் ஆரோன் அதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, மக்கள் செய்த தவறுகள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி, அவற்றை அதன் தலைமேல் ஏற்றுவான். பிறகு ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டுபோய் வனாந்தரத்தில் விட்டுவிட்டு வருவான். ஆக, ஒரே சடங்கில் இரண்டு ஆடுகள். வெட்டப்படுவது ஒன்று, பழியைச் சுமந்து போவது இன்னொன்று. நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம்.

எபிரேய மூலத்தில் இரண்டாவது ஆடு ‘அசாசேலுக்கு’ உரியது என்று இருக்கிறது. அசாசேல் என்பது பாலைவனத்துப் பேயின் பெயரா, ஓர் இடத்தின் பெயரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பெயராகக் கொள்ளாமல் ‘அனுப்பிவிடப்படும் ஆடு’ என்ற பொருளில் எழுதினார்கள். 1530இல் விவிலியத்தின் முதல் ஐந்து ஆகமங்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டிண்டேலும் ‘போய்விடும் ஆடு’ என்றே படித்து, ‘ஸ்கேப்கோட்’ என்று ஒரு புதிய சொல்லைக் கட்டினார். தப்பித்தல் என்று பொருள்படும் ‘எஸ்கேப்’ தலைப்பகுதி தேய்ந்து ‘ஸ்கேப்’ ஆனது. பிறர் தவறுக்குப் பழி சுமக்கும் மனிதரை இப்படி அழைக்கும் வழக்கம் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் நிலைபெற்றது.

போக்காடு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். போக்கு + ஆடு. ‘போ’ தன்வினை, ‘போக்கு’ பிறவினை. போக்குவது என்றால் போகச் செய்வது. இல்லாமல் ஆக்குவதும் அதுவே. பசியைப் போக்குகிறோம், களைப்பைப் போக்குகிறோம், பாவத்தைப் போக்குகிறோம். ஆகவே போக்காடு என்பது ஊரைவிட்டுப் போக்கப்பட்ட ஆடு. ஊராரின் பாவத்தைப் போக்கும் ஆடும் அதுதான். ஆங்கிலச் சொல்லில் ஆடு தப்பிப்பது மட்டும் தெரிகிறது. தமிழ்ச் சொல்லில் அனுப்பியவர்களின் நோக்கமும் சேர்ந்து தெரிகிறது. மொழிபெயர்ப்பு மூலத்தை மிஞ்சிய இடம் இது என்பேன்.

பலிகடாவுக்கு வருவோம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சிறுவயதில் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. கிடாவுக்கு மாலை போட்டு, முதுகில் மஞ்சள் நீர் தெளிப்பார்கள். மேளம் நின்றுவிடும். அது உடம்பை உதறிச் சிலிர்க்கும்வரை கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருக்கும். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். அந்தக் கிடாவின் மேல் யாருடைய குற்றமும் ஏற்றப்படவில்லை. அது காணிக்கை. நேர்ந்துவிட்ட நாளிலிருந்து அதைக் கண்ணும் கருத்துமாக வளர்த்திருப்பார்கள். ஒருவரும் அதைக் குற்றவாளியாகப் பார்த்ததில்லை. ஆகவே பலிகடா என்பது பிறருடைய ஆதாயத்துக்காக அழிக்கப்படுபவரைக் குறிக்க வேண்டிய சொல். முழங்கால் முறிந்த இளம் ஆட்டக்காரரை ஊசி போட்டுக் களத்தில் இறக்கி, அவருடைய வாழ்க்கையையே முடித்துவிட்டால், அவர் பலிகடா.

பழியை ஏற்றி அனுப்பும் சடங்கு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. நீலகிரிப் படகர்களின் இறுதிச் சடங்கில், இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஓர் எருமைக் கன்றின் மேல் ஏற்றி, அதை விரட்டிவிடும் வழக்கம் இருந்ததை 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. அங்கும் கன்றை வெட்டவில்லை. அது போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (நாம் ஆடும் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பின்தொடர்ந்தபோது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்கிறேன். லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்கம். 33 ஆண்டுகள் இடைவிடாமல் பருவ இறுதிக் கோப்பை ஆட்டங்களுக்குச் சென்ற அணி. 2007 முடிவில் தலைமைப் பயிற்சியாளர் லாயிட் கார் ஓய்வு பெற, அவர் இடத்துக்கு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து ரிச் ரோட்ரிகஸ் வந்தார். முற்றிலும் வேறான தாக்குதல் முறையைக் கொண்டுவந்தார். பழைய முறைக்காகச் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்களே கையில் இருந்தார்கள்; அவர்களிலும் சிறந்தவர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். 2008இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த அக்டோபரில் டொலீடோ என்ற சிறிய அணியிடம் 13-10 என்று சொந்த அரங்கிலேயே தோற்றார்கள். கடைசி நொடிகளில் சமன்செய்ய அடித்த உதை, மிக அருகிலிருந்து அடித்தும், குறி தப்பியது. பருவம் முடிந்ததும் முதலில் வெளியேறியவர் தடுப்பாட்டப் பயிற்சியாளர். 2009இல் 5 வெற்றி, 7 தோல்வி; 2010இல் 7-6. 2011 ஜனவரி முதல் நாள் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 52-14 என்று நொறுங்கிய சில நாட்களில் ரோட்ரிகஸ் நீக்கப்பட்டார்.

அந்த மூன்று ஆண்டுகளும் ரசிகர்களின் வாதம் ஒன்றையே சுற்றிவந்தது: பழி யாருடையது? கார் காலத்திலேயே அணி உளுத்துவிட்டது, 2007இல் சிறிய அணியான அப்பலேச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றதை மறந்துவிட்டீர்களா என்றது ஒரு தரப்பு. இருந்தவர்களுக்கு ஏற்றபடி ஆடாமல் தன் முறையைத் திணித்ததுதான் கேடு என்றது இன்னொரு தரப்பு. இவர் நம் ஆள் அல்லவே என்ற முணுமுணுப்பும் இருந்தது. பழியை ஏற்றத் தலை தேடுகிறவர்களுக்கு வெளியூர்த் தலை எப்போதும் வசதி.

அடுத்த பயிற்சியாளராகப் பிராடி ஹோக் வந்தார். பெரும்பாலும் ரோட்ரிகஸ் சேர்த்துவைத்த ஆட்டக்காரர்களைக் கொண்டே 2011இல் 11-2. ஊர் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். தடுப்பாட்டம் ஒரே ஆண்டில் அடையாளம் தெரியாமல் தேறியது உண்மை. அந்தப் பகுதியின் பழி ரோட்ரிகஸைச் சேர வேண்டியதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிறகு 8-5, 7-6, 5-7 என்று ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2014 முடிவில் ஹோக்கும் நீக்கப்பட்டார். வனாந்தரத்துக்கு அனுப்பிய பாவத்தில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கியிருந்திருக்கிறது. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

ரோட்ரிகஸைப் பலிகடா என்று எழுதினால் இந்தக் கதை விளங்காது. அவரை யாரும் வெட்டவில்லை. ஒப்பந்தப்படி 25 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு அரிசோனாவில் ஆறு பருவங்கள் பயிற்சி தந்தார். 2025இல் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பினார். உயிரோடு போன ஆடு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இது நடந்துவிடும் என்ற அச்சம் பழையவர்களுக்கும் இருந்திருக்கிறது. யூதர்களின் மிஷ்னா நூலில் பிற்கால வழக்கம் ஒன்று வருகிறது: செந்நிறக் கம்பளி நூலில் பாதியைப் பாறையிலும் பாதியை ஆட்டின் கொம்புகளுக்கு நடுவிலும் கட்டி, ஆட்டைப் பின்னோக்கிச் செங்குத்துச் சரிவில் தள்ளிவிடுவார்களாம். பாவம் ஏறிய ஆடு மேய்ந்துகொண்டே ஊருக்குத் திரும்பிவிட்டால் என்ன செய்வது?

இவ்வளவு அரிய சொல் யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். முதல் இரண்டு முறை பக்கத்தில் ‘பழிசுமப்பவர்’ என்று சேர்த்து எழுதுங்கள். மூன்றாம் முறை தேவைப்படாது. வினையாகவும் நன்றாகவே வளைந்துகொடுக்கிறது: போக்காடாக்கினார்கள், போக்காடாக்கப்பட்டார், போக்காடாக்காதீர்கள்.