டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, டிரெய்லருக்கு?

விபத்து நடந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே எழுகிறது. அதையும் கேட்பவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். "வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறேன்" என்று உரிமையாளர் தைரியமாகச் சொல்வார். பாலிசியைப் பிரித்துப் பார்த்தால், டிரெய்லர் என்று போட்டிருக்கும் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் கிழித்திருக்கும். அந்தக் கோட்டினால் நிலத்தை விற்று இழப்பீடு கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஏமாற்றும் எண்ணம் அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. டிரெய்லரை டிராக்டரின் ஓர் உறுப்பு என்று நினைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். இன்ஜின் இல்லை, தானாக நகராது என்பதெல்லாம் செல்லாது. ஆகவே அதற்குத் தனிப் பதிவு எண், தனி ஆர்.சி., மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடிபடும் பிறருக்கான காப்பீடு) ஆகியவை வேண்டும். இனி வருவதெல்லாம் பட்டறையிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நடப்பவை.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது

ஊர்ப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குவதுதான் வழக்கம். விலை குறைவு, உயரம் அகலம் நம் விருப்பம். ஆனால் பதிவுக்குப் போனால் படிவம் 20 விண்ணப்பத்தோடு விற்பனைச் சான்று, சாலைத் தகுதிச் சான்று, ஜி.எஸ்.டி. பில், இன்சூரன்ஸ் என்று கேட்பார்கள். விற்பனைச் சான்று படிவம் 21, சாலைத் தகுதிச் சான்று படிவம் 22. பட்டறைக்காரர் கொடுத்ததோ தொகையும் கையெழுத்தும் மட்டும் உள்ள ஒரு துண்டுச் சீட்டாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் அலைபவர்கள் ஒரு கட்டத்தில் சலித்துப்போய், பதிவு எண் இல்லாமலேயே வண்டியை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, "உங்களிடம் வாங்கிய டிரெய்லருக்கு ஆர்.சி. எடுத்தவர் யாராவது இருந்தால் நகலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள். "அலுவலகத்தில் நமக்கு ஆள் இருக்கிறார்" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

சேசிஸ் எண் பதித்த இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த எண்ணைத்தான் தேடுவார். துருவும் பெயின்டும் மூடியிருந்தால், வண்டி உங்களுடையது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். அதேபோல், பதிவின்போது யாருடைய கைப்பேசி எண் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். விற்பனையாளரோ தரகரோ தம் எண்ணைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பிறகு ஒவ்வொரு சேவைக்கும் வரும் ஓ.டி.பி. அவருக்குப் போகும், நீங்கள் அவர் கடை வாசலில் நிற்க வேண்டும்.

பதிவில் இரண்டு வகை உண்டு: விவசாய டிரெய்லர், வணிக டிரெய்லர். விவசாய வகைக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வணிக வகைக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கட்டாயம்; வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். செலவு குறைவு என்பதால் எல்லோரும் விவசாயம் என்றே பதிவு செய்கிறார்கள். தவறில்லை, விவசாயத்துக்கு ஓட்டும்வரை. அறுவடை முடிந்த மாதங்களில் அதே டிரெய்லர் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வாடகைக்குப் போகிறது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால், "விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற பாலிசி வரியைக் கம்பெனி எடுத்து நீட்டும். உங்கள் வண்டி உண்மையில் என்ன வேலை செய்கிறதோ அந்த வகையில் பதியுங்கள்.

பாலிசியில் பார்க்க வேண்டிய வரி

பாலிசியின் முதல் பக்கத்திலுள்ள அட்டவணையில் டிரெய்லரின் பதிவு எண்ணோ சேசிஸ் எண்ணோ அச்சாகியிருக்க வேண்டும்; அதற்கென மூன்றாம் நபர் பிரீமியமும் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டிரெய்லருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. டிராக்டர் பாலிசி மட்டும் இருந்தால் போதுமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். புதுப்பிக்கும்போது சென்ற ஆண்டின் பாலிசியைப் பார்த்து அப்படியே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு விட்டுப்போன டிரெய்லர் இந்த ஆண்டும் விட்டுப்போகும்.

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி மறுப்பார்கள் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டிராக்டர் ஓட்டும் உரிமம் உள்ளவர் அதில் டிரெய்லரை மாட்டியதாலேயே உரிமம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களுக்கு இலகுரக வாகன உரிமமே போதும் என்பதை 2024 நவம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது. இருந்தும் மறுப்புக் கடிதங்களில் இந்தக் காரணம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்தால் இந்தத் தீர்ப்புகளைச் சொல்லுங்கள்.

ஏறி உட்கார்ந்து போகிறவர்கள்

எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் பெண்களை டிரெய்லரில்தான் ஏற்றிப் போகிறார்கள். அவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. டிரெய்லர் கவிழ்ந்தால் இறப்பவர்களும் அவர்கள்தான், பாலிசியில் இடமில்லாதவர்களும் அவர்கள்தான். சரக்கு வாகனத்தில் கட்டணம் கொடுக்காமல் ஏறிச் செல்பவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. 2007-இல் பிரிஜ் மோகன் வழக்கில், டிராக்டர் டிராலியில் போய்க் காயமடைந்த ஏழைத் தொழிலாளிக்கு முதலில் கம்பெனி பணம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திச் சொன்னது. தொழிலாளிக்குப் பணம் கிடைத்தது. ஆனால் வசூல் உரிமையாளரைத் தேடி வரும், அவருடைய நிலத்தின் மேல் விழும்.

சொந்தமாக வைத்திருக்கும் வேலையாட்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. கேட்டால்தான் போடுவார்கள்; எத்தனை பேர் என்றும் எழுதச் சொல்லுங்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு இருபது பேரை ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்லர் ஆள் ஏற்றும் வண்டியே அல்ல.

கூலி வேலைக்குப் போகிறவர்கள் தம் பங்குக்கு ஒன்று செய்துகொள்ளலாம். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயதுவரை வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கும். அதையொட்டிப் பணம் பிடிக்கும் நேரத்தில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். வங்கியும் கூப்பிட்டுச் சொல்லாது.

இறந்துபோன அப்பாவின் பெயரில் ஓடும் வண்டி

ஆர்.சி. அப்பா பெயரில், ஓட்டுவது மகன், அப்பா காலமாகிப் பல வருடம். கிராமங்களில் இது மிகச் சாதாரணம். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். மகன் செத்தால் அவர் மனைவிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் எவ்வளவு காலம் இழுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் காரியம் முடிந்த கையோடு அந்த மனுவைப் போட்டுவிடுங்கள். டிராக்டருக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று என இரண்டு பெயர் மாற்றம். முதலாவதை முடித்ததும் களைத்துப்போய் இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

விற்றவர்களுக்கும் இதே ஆபத்து. டிரெய்லரைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றுப் பணம் வாங்கிவிட்டீர்கள், பெயர் மாற்றவில்லை. அவர் வண்டி யார்மேலாவது ஏறினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து உங்களுக்குத்தான் சம்மன் வரும். கடன் முடிந்தவர்கள் வங்கியில் படிவம் 35 (கடன் தீர்ந்தது என்ற அறிவிப்பு) வாங்கும்போது டிரெய்லருக்கும் சேர்த்துக் கேளுங்கள். டிராக்டருக்கு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் மறுபடியும் நடக்க வேண்டும்.

சக்கரமும் பேரிங்கும்

இன்ஜின் ஆயில் மாற்ற நாள் குறித்து வைப்பவர்கள், டிரெய்லர் ஹப்பை (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் குடத்தை) திறந்து பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் யோசிக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை கொடுப்பார். விபத்துக்கு இயந்திரப் பழுது காரணமா இல்லையா என்று அதில் ஒரு வரி உண்டு. வழக்கு முழுக்க அந்த வரியைச் சுற்றி வரும்.

பேரிங் உடைந்து சக்கரம் கழன்றதைக் காட்டி, அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தர வேண்டியதைக் கம்பெனி மறுக்க முடியாது. சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் அது இல்லை. ஆனால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான பணம் போய்விடும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் பாலிசியில் விலக்கப்பட்டவை. வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் கடமை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. "உள்ளே இருந்த பழுது, எனக்கு எப்படித் தெரியும்" என்று உரிமையாளர் வாதிட்டால், போதிய கவனம் எடுத்துக்கொண்டதை அவரே நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லியிருக்கிறது. நிரூபிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? கிரீஸ், பேரிங், ஆயில் சீல் வாங்கிய பில்களைத் தேதியோடு ஆர்.சி. நகல் இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். மெக்கானிக்கிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். அவர் சிரித்தாலும் பரவாயில்லை.

வேலை பெரிதல்ல. மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து முட்டுக்கொடுத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது. லோடு இறக்கிய இடத்தில் ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அன்றே திறந்துவிடுங்கள். தூரம் ஓடிச் சூடேறிய ஹப்போடு வண்டியை வாய்க்காலில் இறக்குவதுதான் பேரிங்கைச் சீக்கிரம் கெடுக்கிறது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். திறந்தால் கிரீஸ் பால்போல வெளுத்திருக்கும். அதன் மேலேயே புதுக் கிரீஸை அப்புவது வீண். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ரோலர்களுக்கு இடையில் நிறையும்படி அடைத்து, புதுச் சீல் போட வேண்டும். அச்சு நட்டைப் பூட்டும் பின்னைப் பழையதையே வளைத்துப் போடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பின்பக்கச் சிவப்பு ஒளிர் பட்டையைச் சேறு மூடியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

அடிபட்டவர் பக்கம்

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை நகல் வரட்டும், ஆய்வாளர் அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து நாளை விட்டுவிடாதீர்கள். விபத்து நடந்த ஊருக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். மனுவில் டிராக்டர், டிரெய்லர் இரண்டின் எண்களையும், இரண்டின் உரிமையாளர்களையும், இரண்டுக்கும் பாலிசி இருந்தால் இரண்டு கம்பெனிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் மற்றவர் "அது என் வண்டி இல்லை" என்று கைகாட்டுவார். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானத்தைக் காட்டாமலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். அது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். சதவீதக் கணக்கில் பங்கு கேட்டு மருத்துவமனை வாசலுக்கே வருபவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.