புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சா? பழையதில் உடனே கை வைக்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. வீட்டில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் பெரும்பாலும் அது இருக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையென்றாலும் அதே கதைதான். அதனால் பெங்களூர் அல்சூரில் இருக்கிற எங்கள் சர்வீஸ் கடைக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வேலை: பழையதிலிருந்து புதியதற்கு மாற்றித் தர வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் ரூபாய் ரூபாயாகப் பேரம் பேசி வாங்கியவர்கள், மாற்றும் வேலைக்கு மட்டும் அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். "டி டிரைவ்ல இருக்கிறதைக் காப்பி பண்ணிட்டு பழசை ஃபார்மட் அடிச்சிடுங்க சார், இன்னிக்கே எக்ஸ்சேஞ்சுல குடுக்கணும்." நான் ஃபார்மட் அடிப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. கோப்பு, போட்டோ, எக்செல் ஆகியவற்றைக் காப்பி செய்வது பெரிய வேலையே இல்லை. கண்ணுக்குக் கோப்பாகத் தெரியாதவைதான் பழையதோடு சேர்ந்து போய்விடுகின்றன.

முதலில் மெயில். பீன்யாவில் லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்தும் நம்மவர்கள் பலர், கம்பெனி பெயரில் வாங்கிய மெயிலை அவுட்லுக்கில் பாப் முறையில், அதாவது சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும்படி, போட்டு வைத்திருப்பார்கள். சர்வரில் ஒரு நகல் வைக்கச் சொல்லி டிக் செய்யாவிட்டால், இறங்கிய மெயில் சர்வரிலிருந்து போய்விடும். பத்து வருடத்துப் பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில், பிஎஸ்டி என்று முடியும் ஒரே கோப்பில் உட்கார்ந்திருக்கும். சில சமயம் அது டாக்குமென்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். சில சமயம் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள். டி டிரைவில் தேடினால் கிடைக்காது. காப்பி எடுக்கும்போது அவுட்லுக்கை மூடியிருக்க வேண்டும். புதியதில் கிளாசிக் அவுட்லுக்கையே போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கு எழுதும் டாலி. நம்ம பெங்களூர் கம்பெனியின் சாஃப்ட்வேர்தான், ஆனாலும் அதன் லைசென்ஸ் எப்படி நடக்கிறது என்று இங்கேயே பலருக்குத் தெரியவில்லை. டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்தால் கணக்கு வந்துவிடும், லைசென்ஸ் வராது. பழைய கம்ப்யூட்டரில் டாலியைத் திறந்து, லைசென்ஸை சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். ஃபார்மட் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் சுற்றுவழிதான். ஜிஎஸ்டி கெடு நெருங்கும்போது அந்தச் சுற்று யாருக்கும் வேண்டாம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றிப் பயம் தேவையில்லை. சாவி அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. புதியதில் டோக்கனுக்குரிய டிரைவரையும், ஜிஎஸ்டி போர்ட்டலில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் சாஃப்ட்வேரையும் போட்டால் போதும். ஆனால் டோக்கன் பாஸ்வேர்டைக் குத்துமதிப்பாகத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள். லாக் ஆகிவிட்டால் பெரும்பாலும் புதிய சான்றிதழ் எடுக்கத்தான் அலைய வேண்டியிருக்கும்.

இனி எனக்கே வயிறு கலங்கும் விஷயம், தமிழ் எழுத்துரு. பெங்களூரில் தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி, குலதெய்வ டிரஸ்ட் என்று எதை எடுத்தாலும் இருபது வருடத்து நோட்டீஸ், தீர்மானம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் ஒரு பெரியவரின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அவர் பாமினியிலோ வானவில்லிலோ ஸ்ரீலிபியிலோ அடித்திருப்பார். இவை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டும் ஏற்பாடு, அவ்வளவுதான். கோப்பைப் புதியதில் திறந்தால், எழுத்துரு இல்லாததால் முகமூடி கழன்றுவிடும். பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால், திரையில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று வரிசையாக நிற்கும். "வைரஸ் வந்துடுச்சு தம்பி, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று ஒரு பெரியவர் கை நடுங்க பென் டிரைவை நீட்டினார். கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. அதைப் படிக்கத் தேவையான எழுத்துரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரோ, பேரன் கையால் ஃபார்மட் ஆகிப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. பாமினி எளிதில் கிடைப்பதால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. எந்த நண்பரோ எந்தக் காலத்திலோ சிடியில் கொடுத்த பெயர் தெரியாத எழுத்துருவாக இருந்திருந்தால் எனக்கும் வழி தெரிந்திருக்காது.

ஆகவே மாற்றுவதற்கு முன்பே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளைப் பழைய கம்ப்யூட்டரிலேயே திறந்து பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், எங்கே திறந்தாலும் படிக்கலாம். பிறகு நிதானமாக என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். நடுவே ஆங்கிலத்தில் அடித்த பெயரும் முகவரியும் சேர்ந்து தமிழாகிக் குழம்பியிருக்கும். கோர்ட் பக்கம் ஜாப் டைப்பிங் வைத்திருப்பவர்களுக்கு நுடி, பரஹாவில் அடித்த பழைய கன்னடக் கோப்புகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

யூனிகோடில் அடித்தவர்களுக்குச் சின்னத் தொல்லை ஒன்றுதான். லதா, விஜயா என்ற எழுத்துருக்கள் இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, நாலு பக்க நோட்டீஸ் ஐந்து பக்கமாகும்.

குரோம் பாஸ்வேர்டுக்கு வருவோம். குரோம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் பாஸ்வேர்டும் வரும் என்று நினைக்கிறார்கள். வராது, அது பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டது. மேலே வலப்பக்கம் இருக்கும் வட்டத்தைத் தட்டி, குரோம் யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அக்கா கடையின் குரோம், என்றோ வந்து பாட்டு டவுன்லோட் செய்த மைத்துனர் பையனின் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அக்காவின் பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அவன் போனிலும் இருக்கும்! ஏற்றுமதி செய்து சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் அதில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகப் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். வாட்ஸ்அப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் போனைக் கொண்டு மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

புதிய கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளும் இடம் முதல் நாளே வருகிறது. விண்டோஸ் 11 செட்டப் ஒரு மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்கும். "ஐடி இல்லையே" என்று நீங்கள் விழிப்பீர்கள். கடைப் பையன் தன் கடையின் ஐடி ஒன்றைப் போட்டு, ரெண்டு நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவான். அவனுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக செட்டப் செய்து மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்புச் சாவி, யார் கணக்கில் நுழைந்தார்களோ அவர்கள் கணக்கில் போய் உட்காரும். லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆஃபீஸும் அதே கணக்கில் சேர்ந்துவிடும்.

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பயாஸ் அப்டேட் ஆகும், அல்லது மதர்போர்டு மாற்ற வேண்டி வரும். ஆன் செய்தால் நீலத் திரை, 48 எண்களைக் கேட்டுக்கொண்டு. அந்தக் கடையில் அந்தப் பையன் இருக்க மாட்டான், அவன் போட்ட ஐடி யாருக்கும் நினைவிருக்காது. சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை நானும் திறக்க முடியாது, டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களாலும் முடியாது. திருடன் படிக்கக் கூடாது என்று போட்ட பூட்டு அது. கெஞ்சினால் திறப்பதற்கு அது வீட்டு ஓனர் இல்லை.

உங்கள் மெயில் ஐடி, உங்கள் போன் நம்பர். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடித்த அன்றே மைக்ரோசாப்ட் கணக்கில் டிவைசஸ் பக்கத்தைத் திறந்து, மீட்புச் சாவி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டப்பின்போது கேட்காமலே டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மேகத்துக்கு ஏற்றத் தொடங்கியிருக்கும். இலவச இடம் 5 ஜிபி, கல்யாண ஆல்பம் ஒன்றுக்குக்கூடப் போதாது. நிறைந்ததும் பணம் கட்டச் சொல்லித் தொந்தரவு செய்யும். எரிச்சலில் அந்த பேக்கப்பை நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். பதறாதீர்கள், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். எடுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டாஸில் எழுதிய பில்லிங் புரோகிராம் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே ஒரு வார்த்தை கேளுங்கள். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது, டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. மாற்றுவழிகள் உண்டு, ஆனால் வேலை பிடிக்கும்.

சரி, பழையதை எவ்வளவு நாள் வைத்திருப்பது? உங்கள் வேலை ஒரு முழுச் சுற்று வரும்வரை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, இரண்டும் புதியதிலிருந்து போய்ச் சேரட்டும். சம்பளப் பட்டியல், பிஎஃப் எல்லாம் ஒரு முறை ஓடட்டும். இடமில்லை என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றி யுஎஸ்பி கேசிங்கில் போட்டு அலமாரியில் வையுங்கள், பெட்டியை விற்றுக்கொள்ளுங்கள். நான் கேட்டால் அடுத்த மார்ச் 31 தாண்டும்வரை அந்த டிஸ்க் இருக்கட்டும் என்பேன், கூடவே வேறொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகலும்.

அதற்குப் பிறகு அழிக்கும்போது குவிக் ஃபார்மட் போதாது, ஹார்டு டிஸ்க்காக இருந்தால் சாதாரண ரெக்கவரி சாஃப்ட்வேரே பாதியைத் திரும்ப எடுத்துவிடும். விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்காகும், இரவில் விட்டுவிடலாம். ஆன் ஆகாத கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி இதற்கென்று பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. தெருவில் தராசோடு வருகிறவரிடம் எடைக்குப் போட வேண்டியதில்லை.